கொலையில் பிறந்த சொல்! இன்று ஆறுதல் சொல்கிறது!

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். "இங்கிலீஷ் பத்திரிகை படித்துப் பழகு" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. பத்திரிகையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்தில் ஒரு செய்தி. எங்கோ ஓர் ஊரில் கலகம். போலீசார் அதை "குவெல்" செய்தார்கள் என்று போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினாள். "அடக்கு, ஒடுக்கு" என்று இருந்தது. சரி, போலீசார் கலகத்தை அடக்கிவிட்டார்கள். புரிந்துவிட்டது.

உள்பக்கத்தில் இன்னொரு செய்தி. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பு ஊசி போட்டார்கள். ஊசி என்றதும் தாய்மார்கள் பயந்தார்கள். டாக்டர் வந்து அவர்களுடைய பயத்தை "குவெல்" செய்தார் என்று அதில் இருந்தது.

பெண்ணுக்குக் குழப்பம் வந்துவிட்டது.

"அப்பா! போலீசார் தடியை எடுத்துச் செய்ததும் குவெல். டாக்டர் அன்பாகப் பேசிச் செய்ததும் குவெல். இது என்ன நியாயம்?" என்று கேட்டாள்.

"இரும்மா, பார்க்கலாம்" என்றார் அப்பா. அவருக்கும் தெரியவில்லை!

நல்ல கேள்வி அது. அந்தச் சொல்லின் கதையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

எப்படிச் சொல்வது?

முதலில் உச்சரிப்பு. கியூ, யூ, இ, எல், எல். ஐந்து எழுத்துகள். இங்கிலீஷில் கியூ வந்தால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு யூ வரும். இரண்டும் சேர்ந்தால் "க்வ" என்ற ஓசை.

"கு... வெல்" என்று இழுக்கக் கூடாது. ஒரே மூச்சில் "க்வெல்" என்று சொல்ல வேண்டும். மணிக்கு இங்கிலீஷில் "பெல்" என்கிறோமே, அதைப் போல முடியும். நடந்து முடிந்த காரியத்தைச் சொல்லும்போது "குவெல்ட்" என்று ஆகிவிடும்.

சின்னச் சொல்தான். ஆனால் இதன் ஜாதகம் பெரியது!

பிறந்தபோது என்ன பொருள்?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் மக்கள் பேசிய இங்கிலீஷ் வேறு. இன்றைய இங்கிலீஷ்காரருக்கு அது புரியாது. அந்தப் பழைய மொழியில் இந்தச் சொல் "குவெல்லன்" என்று இருந்தது.

அதற்கு என்ன பொருள் தெரியுமா?

"கொல்லுதல்!"

ஆம். ஆளைக் கொல்லுவதற்குத்தான் அந்தச் சொல். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. "குவேலன்" என்பார்கள். "வதை செய்தல்" என்று பொருள். கொல்லுவதற்கு இன்றைய இங்கிலீஷில் "கில்" என்கிறோம் அல்லவா? அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று மொழி அறிஞர்கள் கருதுகிறார்கள்.

தமிழில் "கொல்". பழைய இங்கிலீஷில் "குவெல்". ஓசை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது. உடனே, "தமிழிலிருந்து போன சொல்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்! இரண்டுக்கும் உறவு கிடையாது. தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

பைபிளிலும் நாடகத்திலும்

14-ம் நூற்றாண்டில் பைபிளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். விக்ளிப் என்ற அறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. அதில் யோவான் ஸ்நானகனின் கதை வருகிறது. ஏரோது மன்னன் அவருடைய தலையை வெட்டிக் கொண்டுவரும்படி ஒருவனை அனுப்புகிறான். அந்தத் தலைவெட்டிக்கு அந்தப் பைபிளில் என்ன பெயர்? "மேன்-குவெல்லர்." அதாவது, மனிதனைக் கொல்பவன்.

1611-ம் ஆண்டு ஜேம்ஸ் மன்னர் காலத்தில் புதிய மொழிபெயர்ப்பு வந்தது. அதே இடத்தில் அந்தப் பழைய சொல் இல்லை. மரண தண்டனை நிறைவேற்றுபவன் என்ற பொருளில் வேறு சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

ஷேக்ஸ்பியரின் "மாக்பெத்" நாடகத்திலும் இந்தச் சொல் வருகிறது. வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசனைக் கொல்லத் திட்டமிடுகிறாள் மாக்பெத்தின் மனைவி. தாங்கள் செய்யப்போகும் கொலைக்கு அவள் சொல்லும் பெயர் "குவெல்"! சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பு கூட, இந்தச் சொல்லில் ரத்த வாடை முழுவதும் போகவில்லை.

எப்படி மாறியது?

சொற்களும் மனிதர்களைப் போலத்தான். காலத்துக்குத் தக்கபடி குணம் மாறும்.

தமிழிலேயே பாருங்கள். "நாற்றம்" என்றால் ஒரு காலத்தில் நல்ல வாசனை. பூவின் நாற்றம் என்று புலவர்கள் பாடினார்கள். இன்று நாற்றம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். நல்ல சொல் கெட்டுப்போய்விட்டது.

குவெல் அதற்கு நேர்மாறு. கெட்ட சொல் நல்லதாகிவிட்டது. படிப்படியாக மாறியது.

முதலில் ஆளைக் கொன்றது. பிறகு எதிரியின் படையை ஒடுக்கியது. அப்புறம் கலகத்தை அடக்கியது. வெளியே இருந்த எதிரிகளை அடக்கிய பிறகு, மனிதனின் உள்ளே போயிற்று. பயம், சந்தேகம், கவலை ஆகியவற்றையும் அடக்கத் தொடங்கியது.

கத்தி பிடித்த கை, கடைசியில் தலையைத் தடவிக் கொடுக்கிறது!

இன்று எங்கெல்லாம் வரும்?

கலகம், கலவரம், கிளர்ச்சி, சிப்பாய்களின் எழுச்சி. இவற்றை அடக்கினால் குவெல்.

பயம், கவலை, சந்தேகம், வதந்தி. இவற்றைப் போக்கினாலும் குவெல்.

குமட்டலை நிறுத்த மருந்து கொடுத்தாலும் இந்தச் சொல்லைப் போடலாம். வகுப்பில் பையன்கள் சத்தம் போடுகிறார்கள். வாத்தியார் வாய் திறக்கவில்லை. ஒரு பார்வை பார்க்கிறார். வகுப்பு கப்சிப்! அந்தப் பார்வைக்கு இங்கிலீஷில் "குவெல்லிங்" பார்வை என்று பெயர். எல்லா வீட்டிலும் அப்படிப் பார்க்கத் தெரிந்த பாட்டி ஒருத்தி இருப்பாள்!

தாகத்துக்கு இந்தச் சொல் அவ்வளவாகப் பொருந்தாது. அதற்கு "குவென்ச்" என்று வேறு சொல் இருக்கிறது. இரண்டும் கியூவில் தொடங்குவதால் மாணவர்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள். தாகத்துக்கு குவென்ச், கலகத்துக்கும் கலக்கத்துக்கும் குவெல். இப்படி நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு விஷயம். தமிழில் "அடங்கினான்" என்றும் சொல்லலாம், "அடக்கினான்" என்றும் சொல்லலாம். தானாக அடங்குவது ஒன்று. பிறர் அடக்குவது இன்னொன்று. குவெல் என்ற சொல்லுக்கு இன்று தானாக அடங்கத் தெரியாது. எப்போதும் ஒருவர் இன்னொன்றை அடக்க வேண்டும். செய்கிறவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

தமிழில் இரண்டு சொல்!

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருவோம்.

இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலையையும் செய்கிறான். நம்மிடம் இரண்டு சொல் இருக்கின்றன. ஒன்று "அடக்கு". மற்றொன்று "தணி".

கலகத்தை அடக்கினார்கள். கோபத்தைத் தணித்தார்கள்.

அடக்குவது மேலிருந்து அமுக்குவது. தணிப்பது உள்ளே இருக்கும் சூட்டை ஆற்றுவது. கொதிக்கும் பால் பொங்கி வருகிறது. மூடியைப் போட்டு அமுக்கினால் அது அடக்குவது. அடுப்பைக் குறைத்தால் அது தணிப்பது. வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும், எது பாலைக் காப்பாற்றும் என்று!

இங்கிலீஷ் செய்தியில் குவெல் என்று வரும்போது, மூடியைப் போட்டார்களா, அடுப்பைக் குறைத்தார்களா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லைப் பார்த்தால் தெரியாது.

சரித்திரத்திலிருந்து இரண்டு வகைக்கும் உதாரணம் பார்ப்போம். முதலில் மூடி போட்ட கதை.

ஒரு மணி நேரம் கெடு!

இங்கிலாந்தில் "கலகச் சட்டம்" என்று ஒன்று இருந்தது. 1715-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், மாஜிஸ்திரேட்டு அங்கே போய் ஓர் அறிவிப்பை உரக்கப் படிப்பார். அரசரின் பெயரால், கலைந்து போகும்படி அதில் உத்தரவு இருக்கும். ஒரு மணி நேரம் கெடு.

கெடு முடிந்த பிறகும் அங்கே நின்றால் மரண தண்டனைக்குரிய குற்றம். கூட்டத்தைக் கலைக்கும்போது யாராவது செத்தால், கலைத்தவர்கள் மீது குற்றம் இல்லை.

அந்தச் சட்டம் 1967-ம் ஆண்டு இங்கிலாந்தில் ரத்தாகிவிட்டது. ஆனால் பேச்சில் மட்டும் இருக்கிறது. பிள்ளைகளை அம்மா கடுமையாகக் கண்டித்தால், "கலகச் சட்டத்தைப் படித்துவிட்டாள்" என்று இன்றும் இங்கிலீஷில் சொல்கிறார்கள்.

மாஞ்செஸ்டர் மைதானத்தில்

1819-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி. மாஞ்செஸ்டர் நகரம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். ஆனால் பாராளுமன்றத்தில் அந்த ஊருக்கென்று ஓர் எம்.பி. கூடக் கிடையாது. "ஓல்டு சாரம்" என்று ஓர் இடம். அங்கே குடியிருப்பே இல்லை. அதற்கு 2 எம்.பி.க்கள்!

"எங்களுக்கும் ஓட்டு வேண்டும்" என்று கேட்க மக்கள் கூடினார்கள். செயின்ட் பீட்டர் மைதானத்தில் சுமார் 60 ஆயிரம் பேர். பெண்களும் குழந்தைகளும் வந்திருந்தார்கள். திருவிழாவுக்குப் போவது போல நல்ல உடை உடுத்தி வந்தார்கள். ஹென்றி ஹண்ட் என்பவர் பேச எழுந்தார்.

மாஜிஸ்திரேட்டுகளுக்குப் பயம். ஹண்டைக் கைது செய்யும்படி குதிரைப்படையை ஏவினார்கள். கலகச் சட்டத்தைப் படித்துவிட்டதாக அவர்கள் பின்னால் சொன்னார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் அது யார் காதில் விழும்?

குதிரைகள் மைதானத்தை நோக்கிப் பாய்ந்தன. வழியிலேயே ஒரு தாயின் கையில் இருந்த 2 வயதுக் குழந்தை கீழே விழுந்து இறந்தது. மைதானத்தில் வாள்கள் வீசப்பட்டன. மக்கள் சிதறி ஓடினார்கள். சிறிது நேரத்தில் மைதானம் காலி.

சுமார் 18 பேர் உயிர் இழந்தார்கள். காயம் அடைந்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஹண்டுக்கு இரண்டரை ஆண்டு சிறை. மாஜிஸ்திரேட்டுகளுக்கு அரசாங்கத்தின் நன்றி!

நாலு ஆண்டுகளுக்கு முன்புதான் வாட்டர்லூ போரில் இங்கிலாந்து வென்றிருந்தது. சொந்த மக்கள் மீது நடந்த இந்தப் "போரை" மக்கள் "பீட்டர்லூ" என்று கேலியாக அழைத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. கோரிக்கை கலைந்ததா? இல்லை. 1832-ம் ஆண்டு சீர்திருத்தச் சட்டம் வந்தது. மாஞ்செஸ்டருக்கு 2 எம்.பி.க்கள் கிடைத்தார்கள். 1918-ம் ஆண்டு, 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. 1928-ம் ஆண்டு பெண்களுக்கும் அதே உரிமை கிடைத்தது. மைதானத்தில் கேட்டதைக் கடைசியில் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

வேலூர்க் கோட்டையில்

அதே இங்கிலீஷ்காரர்கள் அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு நம் வேலூரில் என்ன செய்தார்கள்?

1806-ம் ஆண்டு. கம்பெனிப் படையில் புதிய உத்தரவு போட்டார்கள். இந்தியச் சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக் கூடாது. உத்தரவுப்படி தாடியை எடுக்க வேண்டும். புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோல் வைத்திருந்தது. இந்துச் சிப்பாய்களுக்கும் மனம் புண்பட்டது. முஸ்லிம் சிப்பாய்களுக்கும் மனம் புண்பட்டது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி.

ஜூலை 10-ந் தேதி விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். அன்றே கோட்டை வீழ்ந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

இதை இங்கிலீஷில் எழுதினால், "வேலூர்க் கலகம் குவெல் செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இலக்கணப் பிழை கிடையாது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை உயிர்கள்!

பிறகு அந்த உத்தரவுகளைக் கம்பெனியார் வாபஸ் வாங்கினார்கள். சென்னை கவர்னர் பென்டிங்கையும், படைத்தலைவர் கிரடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். முதலிலேயே உத்தரவை வாபஸ் வாங்கியிருந்தால்? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

அடக்குவதின் கதை இது. இனி, தணித்த கதை.

பாங்கு வாசலில் கூட்டம்

அமெரிக்கா. 1933-ம் ஆண்டு மார்ச்சு மாதம். நாடெங்கும் வேலை இல்லை. ஆயிரக்கணக்கான பாங்குகள் ஏற்கனவே முழுகிவிட்டன. "நம் பணமும் போய்விடுமோ?" என்று மக்களுக்குப் பயம். எல்லோரும் பாங்குக்கு ஓடினார்கள். "என் பணத்தைக் கொடு" என்றார்கள்.

ஒரே நாளில் எல்லோரும் கேட்டால் எந்தப் பாங்கினால் கொடுக்க முடியும்? நல்ல பாங்கும் முழுகும். பயமே ஆபத்தை உண்டாக்கிவிடும்.

மார்ச்சு 4-ந் தேதி ரூஸ்வெல்ட் ஜனாதிபதி பதவி ஏற்றார். 6-ந் தேதி முதல் எல்லாப் பாங்குகளுக்கும் விடுமுறை விட்டார். 9-ந் தேதி அவசரச் சட்டம் நிறைவேறியது. கணக்கைச் சோதித்து, நல்ல நிலையில் உள்ள பாங்குகளை மட்டும் திறக்க ஏற்பாடு செய்தார்.

12-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேடியோவில் பேசினார். கால் மணி நேரம் கூட இல்லை. பண்டிதர் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல் பேசினார். "நீங்கள் போடும் பணம் பெட்டியில் தூங்குவது இல்லை, பாங்கு அதைக் கடன் கொடுத்துத் தொழில் நடக்கச் செய்கிறது, அதனால்தான் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியவில்லை" என்று விளக்கினார். திறக்கிற பாங்கில் பணத்தை வைப்பது, படுக்கைக்கு அடியில் வைப்பதை விடப் பத்திரம் என்றார்.

மறுநாள் பாங்குகள் திறந்தன. மறுபடி வாசலில் கூட்டம்! ஆனால் இந்தத் தடவை பணத்தை எடுக்க அல்ல, போடுவதற்கு! மக்கள் எடுத்து ஒளித்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

பயத்தை ரூஸ்வெல்ட் குவெல் செய்தார். தடியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. உண்மையைச் சொன்னார். ஆனால் வெறும் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. பேசுவதற்கு முன்பே சட்டம் தயாராக இருந்தது. அதே ஆண்டில், பாங்கு முழுகினாலும் சிறுசேமிப்புக்காரருக்குப் பணம் கிடைக்கும்படி இன்சூரன்சு ஏற்பாடும் சட்டமாயிற்று. அடுப்பையே குறைத்துவிட்டார்!

கல்கத்தாவில் ஒரு கிழவர்

"பாங்குப் பயம் சரி. கத்தியோடு திரியும் கூட்டத்தைத் தணிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். அதற்கும் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு. நாடு இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபில் ரத்த ஆறு. அங்கே அமைதி காக்கச் சுமார் 50 ஆயிரம் வீரர்கள் கொண்ட படையை ஏற்படுத்தியிருந்தார்கள். அப்படியும் கொலைகள் நிற்கவில்லை.

கல்கத்தாவிலும் அதே ஆபத்து. முந்திய ஆண்டு ஆகஸ்டில்தான் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டிருந்தார்கள். காந்திஜி அங்கே போனார். பேலியகாட்டா பகுதியில் ஒரு பழைய வீட்டில் தங்கினார். முஸ்லிம் தலைவர் சுராவர்த்தியையும் உடன் தங்கச் செய்தார். சுதந்திர தினத்தன்று இந்துக்களும் முஸ்லிம்களும் தெருவில் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

ஆகஸ்டு கடைசியில் மறுபடி நெருப்புப் பற்றியது. காந்திஜி இருந்த வீட்டுக்குள்ளேயே கூட்டம் புகுந்தது. செப்டம்பர் 1-ந் தேதி அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 77.

நகரம் திகைத்தது. "இந்தக் கிழவர் நம்மால் சாவதா?" என்று மக்கள் நினைத்தார்கள். ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்கள். எல்லா மதத் தலைவர்களும் சேர்ந்து அமைதிக்கு உறுதி எழுதிக் கொடுத்தார்கள். செப்டம்பர் 4-ந் தேதி இரவு காந்திஜி உண்ணாவிரதத்தை முடித்தார். 73 மணி நேரம். கல்கத்தா அமைதி ஆயிற்று.

பஞ்சாபில் பெரிய படை இருந்தும் கலகம். வங்காளத்தில் ஒரே மனிதர், அங்கே கலகம் இல்லை என்று மவுண்ட்பேட்டன் வியந்து எழுதினார். உண்ணாவிரதத்துக்கு முன்பே, ஆகஸ்டு மாதத்திலேயே அவர் இப்படி எழுதிவிட்டார்!

அடக்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. தீவட்டியோடு ஒரு கூட்டம் குடிசைகளைக் கொளுத்த வருகிறது. அப்போது போலீசார் அறிவுரை சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. தடுத்தே ஆக வேண்டும். அது கடமை.

ஆனால் தடுத்ததோடு காரியம் முடிந்ததாக நினைக்கக் கூடாது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால் சூடு இறங்கும். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காவிட்டால் மறுநாள் மறுபடி ஏறும். அடக்குவது முதல் உதவி. தணிப்பதுதான் வைத்தியம்.

மூன்று கேள்விகள்

ஆகவே பத்திரிகை படிக்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "கலகம் அடக்கப்பட்டது" என்று செய்தி வரும். இங்கிலீஷில் "குவெல்ட்" என்று வரும். இது செயப்பாட்டு வினை. இந்த வினையில் ஒரு சௌகரியம் உண்டு. செய்தவனைச் சொல்லாமலே விட்டுவிடலாம்!

குவெல் என்றால் செய்கிறவர் ஒருவர் கட்டாயம் இருப்பார் என்று முன்னால் சொன்னோம் அல்லவா? அவரைத் தேடுங்கள்.

யார் அடக்கினார்கள்? இது முதல் கேள்வி.

எப்படி அடக்கினார்கள்? தடியாலா, குண்டாலா, பேச்சாலா? எத்தனை பேருக்குக் காயம்? இது இரண்டாவது.

எதற்காக மக்கள் எழுந்தார்களோ அந்தக் குறை தீர்ந்ததா? இது மூன்றாவது. முக்கியமானதும் இதுதான்.

மூன்றுக்கும் செய்தியில் பதில் இருந்தால் நல்ல செய்தி. இல்லாவிட்டால், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பழைய பொருள் அந்தச் சொல்லுக்குள் இன்னும் ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டிலும் உண்டு

இது அரசாங்கத்துக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. நம் வீட்டிலும் தினம் நடக்கிறது.

நள்ளிரவில் குழந்தை அழுகிறது. "வாயை மூடு!" என்று ஓர் அதட்டல் போட்டால் பயந்து நிறுத்திவிடும். அழுகை அடங்கிவிட்டது. ஆனால் குழந்தைக்கு வயிற்று வலி! இருட்டில் விம்மிக்கொண்டு கிடக்கும்.

இன்னொரு தாய் எழுந்து விளக்கைப் போடுகிறாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள். ஓம நீர் கொடுத்து மடியில் போட்டுத் தட்டுகிறாள். குழந்தை தூங்கிவிடுகிறது. இங்கேயும் அழுகை நின்றது.

இரண்டு வீட்டிலும் சத்தம் இல்லை. வெளியே இருந்து கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் இங்கிலீஷில் குவெல் என்று எழுதிவிடலாம். குழந்தைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "குவெல்" என்று எழுதி, எதிரே இரண்டு பொருளையும் எழுதினாள். "1. அடக்கு. 2. தணி." அதன் கீழே, தனக்காக இன்னொரு வரியும் எழுதிக்கொண்டாள்:

"எது என்று கேட்டு எழுதவும்."